எடுக்கச் சம்மதித்தவர் விளம்பரத்துக்கும் சம்மதித்தாரா?

தொழிற்சாலைகள், மருத்துவமனைகள், அலுவலகங்கள் என நிறுவனங்களின் இடத்துக்கே சென்று அவர்களுக்காகப் படமெடுத்துத் தரும் ஒளிப்படக் கலைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒன்பது ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவர். பெயரும் நாடும் நிறுவனமும் வெளிவர வேண்டாம் என்பது அவருடைய வேண்டுகோள்.

மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றுக்காகச் சென்ற ஆண்டு இரண்டு நாள்கள் அவர் படமெடுத்திருக்கிறார். ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகவில்லை. அவர் மின்னஞ்சலில் அனுப்பிய கொட்டேஷனில் 'புதிய இணையதளத்துக்கும் ஆண்டறிக்கைக்கும் திருத்தம் செய்த 60 படங்கள்' என்று இருந்தது. 'சரி, தொடங்கலாம்' என்று நிறுவனம் பதில் அனுப்பி, பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தது. முதல் நாள் உற்பத்திக்கூடத்தில் இயந்திரங்களோடு வேலை செய்பவர்களையும், இரண்டாம் நாள் வெளியே பொதுத்தெருவில் பெரிய சுவரோவியம் ஒன்றின் முன் நிறுவனத்தின் வாகனத்தை நிறுத்தியும் படமெடுத்தார். ஊழியர்களிடம் யாரும் எழுத்தில் ஒப்புதல் வாங்கவில்லை. 'வெப்சைட்டுக்காக எடுக்கிறோம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டோம்' என்ற நிறுவன மேலாளரின் வாட்ஸ்அப் செய்தி மட்டுமே இருக்கிறது.

பிறகு அந்தப் படங்கள் விளம்பர நிறுவனம் ஒன்றின் கைக்குப் போயின. இயந்திரத்தின் அருகே புன்னகையோடு நின்ற ஒரு பெண் ஊழியரின் முகம், 'இந்தக் கருவிதான் என் அம்மாவைக் காப்பாற்றியது' என்று அவரே சொல்வதுபோன்ற வாசகத்தோடு சாலையோர விளம்பரப் பலகைகளில் ஏறியது. அவர் அப்படிச் சொன்னதே இல்லை. அவருடைய தாய் சில ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். வேலையை விட்டுவிட்ட அவர், இப்போது நிறுவனத்துக்கும் படமெடுத்தவருக்கும் சேர்த்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். சுவரோவியத்தை வரைந்தவரும் தனியே மின்னஞ்சல் எழுதியிருக்கிறார். நிறுவனமோ மீதிப் பணத்தை நிறுத்திவைத்துக்கொண்டு, ரா கோப்புகள் (கேமராவில் பதிந்தபடியே உள்ள, திருத்தம் செய்யாத மூலக் கோப்புகள்) அனைத்தையும் படமெடுத்தவர் ஒப்படைக்க வேண்டும், எந்தக் கோரிக்கை வந்தாலும் அவரே பொறுப்பு என்று உறுதிமொழிக் கடிதமும் தர வேண்டும் என்கிறது.

'படமெடுத்தவன் நான், காப்புரிமை என்னுடையது. அப்படியானால் எல்லாப் படங்களையும் நீக்கச் சொல்லலாமா? அந்தப் பெண்ணுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? தெருவில் இருப்பதைப் படமெடுக்க யாரிடம் அனுமதி கேட்பது? கோப்புகளை அழித்துவிட்டு, நடந்ததை ஃபேஸ்புக்கில் எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது' என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் வாசிப்பில் உங்களுக்கு வர வேண்டிய பணம்தான் கண்ணில் பட்டது. இரண்டாவது வாசிப்பில், இறந்துபோன தாயைத் தன் வாயாலேயே 'காப்பாற்றப்பட்டவர்' என்று சொல்ல வைக்கப்பட்ட அந்தப் பெண் மனத்தைவிட்டு அகலவில்லை. அந்தப் பலகையைக் கடந்து பேருந்தில் போயிருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சட்டமும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் நிற்கிறது என்பதால், நீங்கள் கேட்ட வரிசையை மாற்றாமலேயே, அதற்குக் கூடுதல் இடம் ஒதுக்கிப் பதில் எழுதுகிறேன். நாட்டைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருப்பதால், பல நாடுகளின் நிலையையும் ஒப்பிட்டே பேச வேண்டியிருக்கிறது. உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவர் கொட்டேஷனையும் மின்னஞ்சல்களையும் நேரில் பார்த்துச் சொல்லும் கருத்துக்கு இது மாற்றாகாது.

படத்தின் உரிமை

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம், ஏனெனில் நாளை நீங்கள் எழுதப்போகும் கடிதத்தில் அது பிழையாக இருக்கக் கூடாது. காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கு உரியது. படத்துக்கு உரியது பதிப்புரிமை. அதைப் பெறப் பதிவோ முத்திரையோ தேவையில்லை. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், படைப்பு உருவானதுமே உரிமை தானாகப் பிறந்துவிடுகிறது.

ஆனால் பிறக்கும் உரிமை யார் மடியில் விழுகிறது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். 'படமெடுத்தவனுக்கே உரிமை' என்று நீங்கள் உறுதியாக நம்புவது பிரிட்டனில் சரி. அங்கே 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமாக இருந்தாலும் முதல் உரிமையாளர் அதை எடுத்தவரே. கனடாவில் 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தமும், சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டமும் இதே பக்கம் திரும்பின. அதற்கு முன்பு அவ்விரு நாடுகளிலும் எடுக்கச் சொன்னவருக்கே உரிமை போய்க்கொண்டிருந்தது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நேர்மாறானது: ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று எடுத்த ஒளிப்படத்துக்கு, மாறான உடன்பாடு எதுவும் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டமும் எடுக்கச் சொன்னவர் பக்கமே சாய்கிறது. ஆகவே எங்கோ படித்த பொது விதியை நம்பி நோட்டீஸ் அனுப்பிவிடாதீர்கள்.

இந்த விதிகள் எல்லாம் உடன்பாடு ஒன்றும் இல்லாதபோது வருபவை. 'ஒப்பந்தம் இல்லை' என்று நீங்கள் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. விலையும் வேலையும் பயன்பாடும் குறித்து நீங்கள் அனுப்பிய கொட்டேஷன், அதை ஏற்று வந்த பதில், கை மாறிய முன்பணம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதுவே ஒப்பந்தம். பெரும்பாலான நாடுகளின் நீதிமன்றங்கள் அப்படித்தான் பார்க்கும். 'இணையதளத்துக்கும் ஆண்டறிக்கைக்கும்' என்ற அந்தச் சிறிய வரிதான் இந்த வழக்கில் உங்களிடம் உள்ள மிகப் பெரிய ஆதாரம். உரிமை உங்களுடையது என்று சொல்லும் நாடாக இருந்தால், அந்த வரி நிறுவனத்துக்கு நீங்கள் கொடுத்த பயன்பாட்டு அனுமதியின் எல்லை. விளம்பரப் பலகை அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. உரிமை நிறுவனத்துக்கு என்று சொல்லும் நாடாக இருந்தால், அதே வரியை 'மாறான உடன்பாடு' என்று வாதாட இடமுண்டு. ஆனால் அந்த வாதம் முன்னதைவிட வலுக்குறைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எப்படியானாலும், எல்லாப் படங்களையும் நீக்கச் சொல்ல உங்களுக்கு வழியில்லை. இணையதளத்திலும் ஆண்டறிக்கையிலும் உள்ளவை பேசிக்கொண்டபடியே பயன்படுகின்றன. மீதிப் பணம் வரவில்லை என்பதாலேயே அந்த அனுமதி ரத்தாகிவிடாது. 'முழுத் தொகையும் வந்த பிறகே பயன்படுத்தும் உரிமை தொடங்கும்' என்று கொட்டேஷனில் எழுதியிருந்தால் நிலை வேறு. இப்போதைக்குப் பணம் வரவேண்டிய கடன், விளம்பரம் எல்லை மீறல். இரண்டையும் ஒரே கடிதத்தில் ஒன்றாகக் குழைத்துவிடாதீர்கள். குழைத்தால், அந்தப் பெண்ணின் வேதனையைக் காட்டிப் பணம் கேட்பவராக உங்களைச் சித்திரிக்க எதிர்த்தரப்புக்கு வசதியாகிவிடும்.

ரா கோப்புகளைப் பொறுத்தவரை, நீங்கள் ஒப்புக்கொண்டது திருத்தம் செய்த 60 படங்களை. பதிப்புரிமை வேறு, கோப்பு யார் கையில் இருக்கிறது என்பது வேறு. படச்சுருள் காலத்தில் நெகட்டிவ்கள் பெரும்பாலும் எடுத்தவரிடமே தங்கியதுபோல, ஒப்பந்தத்தில் சொல்லாத ரா கோப்புகளைக் கொடுக்க வேண்டும் என்று பொதுவான கட்டாயம் எதுவும் கிடையாது.

அந்தப் பெண்ணின் முகம்

உங்கள் கடிதத்தில் எனக்கு ஒப்புதல் இல்லாத வரி இதுதான்: 'கேமராவைப் பார்த்துச் சிரித்தார், அதுவே சம்மதம்.' படமெடுக்கச் சம்மதிப்பதும் படத்தைப் பயன்படுத்தச் சம்மதிப்பதும் வேறு வேறு. பயன்பாட்டிலும், நிறுவனத்தின் இணையதளத்தில் பணியாளராகத் தெரிவது ஒன்று. பொருளை விற்கும் விளம்பரத்தில் வாடிக்கையாளராகப் பேசுவது முற்றிலும் வேறொன்று. மேலாளர் பக்கத்தில் நிற்க, வேலைநேரத்தில், சீருடையில் இருக்கும் ஊழியர் 'வேண்டாம்' என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது இத்தனை ஆண்டுகளில் உங்களுக்கே தெரிந்திருக்கும். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, அடையாளம் தெரியும் முகம் தனிநபர் தரவு. தரப்புகளுக்கிடையே அதிகார ஏற்றத்தாழ்வு தெளிவாக இருக்கும்போது சம்மதம் சுதந்திரமாகத் தரப்பட்டதா என்ற கேள்வியை அந்த விதிகள் எழுப்புகின்றன. அந்தக் கேள்வி ஐரோப்பாவுக்கு மட்டும் உரியது அல்ல.

இந்தச் சிக்கல் புதியதும் அல்ல. நியூயார்க் மாநிலத்தில் அபிகெய்ல் ராபர்சன் என்ற இளம்பெண்ணின் படத்தை, அவரைக் கேட்காமலேயே ஒரு மாவு நிறுவனத்தின் விளம்பரமாக ஏறக்குறைய 25,000 பிரதிகள் அச்சிட்டார்கள். 1902இல் அம்மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படியொரு உரிமை சட்டத்தில் இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பியது. அதற்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாக, அடுத்த ஆண்டே, எழுத்துவழிச் சம்மதம் இல்லாமல் உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரையோ படத்தையோ விளம்பரத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது 1905இல் ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு. பாவ்லோ பவேசிச் என்ற ஓவியரின் படத்தை ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்று நாளிதழ் விளம்பரத்தில் போட்டு, தான் பாலிசி எடுத்துப் பயனடைந்ததாக அவரே சொல்வதுபோல் வாசகத்தைச் சேர்த்தது. அவர் அந்த நிறுவனத்தில் பாலிசி எடுத்ததே இல்லை. நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்த வழக்கில் காப்பீட்டு நிறுவனத்தோடு ஓர் ஒளிப்படக் கலைஞரும் பிரதிவாதியாகச் சேர்க்கப்பட்டிருந்தார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். 'நான் படம் மட்டும்தான் எடுத்தேன்' என்பது நல்ல வாதம்தான். ஆனால் வழக்கில் பெயர் சேர்க்கப்படுவதை அது தடுக்காது.

அப்படியானால் உங்கள் பொறுப்பு எவ்வளவு? நீங்கள் சொன்ன விவரங்கள் சரியாக இருக்கும் வரையில், முதன்மைப் பொறுப்பு வாசகத்தை எழுதியவர்களுக்கும் விளம்பரத்தை வெளியிட்டவர்களுக்கும் உரியது. படங்களை விளம்பர நிறுவனத்துக்கு நீங்கள் கொடுக்கவில்லை. பயன்பாட்டை எழுத்தில் வரையறுத்திருந்தீர்கள். ஊழியர்களிடம் பேசும் வேலையைத் தாமே ஏற்றுக்கொண்டதாக நிறுவனம் அனுப்பிய செய்தியும் இருக்கிறது. உங்களைச் சிக்கவைக்கக் கூடியவை இரண்டு. எங்காவது, ஒரு பழைய மின்னஞ்சலிலோ இன்வாய்ஸின் அடிக்குறிப்பிலோ, 'எல்லா அனுமதிகளும் பெறப்பட்டுள்ளன' என்று எழுதியிருக்கிறீர்களா என்று தேடிப் பாருங்கள். மற்றவர்களின் மாதிரிப் படிவத்திலிருந்து நகலெடுக்கும்போது இத்தகைய வரிகள் நம்மை அறியாமல் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, இதே பெண்ணின் படம் உங்கள் சொந்த இணையதளத்தின் முகப்பிலும் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் தொழிலை விளம்பரப்படுத்தும் பக்கம். இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக, முகவரியும் தேதியும் தெரியும்படி அந்தப் பக்கத்தைத் திரைப்பிடிப்பாகச் சேமித்துக்கொண்டு, படத்தை எடுத்துவிடுங்கள்.

நிறுவனம் கேட்கும் உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள். இதை நான் அறிவுரையாக அல்ல, எச்சரிக்கையாகவே எழுதுகிறேன். இன்று சட்டப்படி உங்கள்மேல் இல்லாத சுமையையும் அந்த ஒரு பக்கம் உங்கள் தலையில் ஏற்றிவிடும். தொழில் காப்பீடு வைத்திருந்தாலும், ஒப்பந்தத்தின் மூலம் நீங்களாக ஏற்றுக்கொண்ட பொறுப்பைக் காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் ஏற்பதில்லை.

தெருவும் சுவரோவியமும்

பொது இடத்தில் கண்ணில் படுவதையெல்லாம் வணிகத்துக்குப் படமெடுக்கலாம் என்ற நம்பிக்கை உங்கள் தொழிலில் பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மை. கட்டடங்களை அனுமதி கேட்காமலேயே படமெடுக்கப் பல நாடுகள் தாராளமாக விலக்கு தருகின்றன. சுவரில் வரைந்த ஓவியத்துக்கு அந்த விலக்கு பல இடங்களில் எட்டாது: பிரிட்டனில் பொது இடத்துக்கான விலக்கு கட்டடங்களையும் சிற்பங்களையும் போன்றவற்றுக்கே, சுவரோவியத்துக்கு இல்லை, அமெரிக்காவில் அது கட்டடக்கலைக்கு மட்டும், ஜெர்மனியில் பொதுவழியில் நிலையாக இருக்கும் ஓவியத்துக்கும் உண்டு. பாரிஸின் ஈஃபிள் கோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1889இல் எழுந்த கோபுரத்தைப் பகலில் படமெடுத்து விற்கலாம். ஆனால் 1985இல் வடிவமைக்கப்பட்ட அதன் இரவு ஒளியமைப்பு தனிப் படைப்பாகக் கருதப்படுவதால், இரவுப் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கோபுரத்தை நடத்தும் நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டும்.

உங்கள் படத்தில் ஓவியம் தற்செயலாக ஓரத்தில் விழவில்லை. அதற்காகவே வாகனத்தை அங்கே கொண்டுபோய் நிறுத்தினீர்கள். சட்டகத்தில் பாதி அதுதான். ஆகவே 'பின்னணியில் தற்செயலாக வந்தது' என்று வாதாடுவது கடினம். வரைந்தவரின் மின்னஞ்சல் மரியாதையாகவே எழுதப்பட்டிருக்கிறது. அவரும் உங்களைப் போலத் தன் படைப்புக்கு உரிமை கேட்பவர்தான். தாமதிக்காமல் பதில் எழுதி, படம் எங்கே பயன்படுகிறது என்பதைச் சொல்லி, நிறுவனத்தின் மூலம் உரிமத்தொகையும் பெயர்க்குறிப்பும் கிடைக்கப் பேசலாம் என்று தெரிவியுங்கள். இந்த ஒன்று பேச்சிலேயே தீரக்கூடியது.

இப்போது செய்ய வேண்டியவை

கோப்புகளை அழிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு அழிப்பது, பல நாடுகளில் உங்களுக்கு எதிராகவே பார்க்கப்படும். அதைவிட முக்கியமாக, அந்தப் பெண் தொழிற்கூடத்தில் வேலை செய்யும்போது எடுக்கப்பட்டவர், வாடிக்கையாளராக நடிக்க நிற்கவில்லை என்பதை உங்கள் ரா கோப்புகளும் அவற்றில் பதிந்த நேரமுமே காட்டும். அவருக்கும் அவை சாட்சி. இரண்டு பிரதிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலையும் முழுதாக ஏற்றுமதி செய்து சேமியுங்கள்.

ஃபேஸ்புக்கில் எழுதாதீர்கள். உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் நீங்கள் எழுதும் பதிவோடு அந்தப் பெண்ணின் படம் மறுபடியும் ஊர் சுற்றும். நிறுவனம் அவதூறு என்று இன்னொரு வழக்கையும் தொடங்கலாம்.

நிறுவனத்துக்கு இரண்டு தனிக் கடிதங்கள் போகட்டும். முதலாவது, ஒப்புக்கொண்ட பயன்பாட்டைத் தாண்டிய விளம்பரங்களை உடனே நிறுத்தவும், படங்கள் வேறு யார் யாருக்குக் கொடுக்கப்பட்டன என்று எழுத்தில் தெரிவிக்கவும் கேட்பது. இரண்டாவது, வேலை முடிந்த தேதியையும் படங்கள் ஒப்படைத்த தேதியையும் குறிப்பிட்டு மீதித் தொகையைக் கோருவது. வாகனப் படம் போன்ற, யாருடைய முகமும் இல்லாத படங்களைக் கூடுதலாகப் பயன்படுத்த நிறுவனம் விரும்பினால், ஓவியரோடு பேசித் தீர்த்த பின் தனிக் கட்டணத்துக்கு உரிமம் தரலாம். நீதிமன்றம் போவதைவிட இது விரைவில் முடியும். நீங்களும் அந்த நிறுவனத்தோடு இன்னொரு முறை வேலை செய்ய வேண்டியிருக்கலாம். முகம் தெரியும் படங்களுக்கு மட்டும் இந்தப் பேரத்தைப் பேசாதீர்கள். அவற்றுக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் படிவம் தயாரிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்த உரையாடலை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது பொய் ஆவணம், குற்றம்.

அந்தப் பெண்ணை நீங்களாகத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம். அவருக்கு வழக்கறிஞர் இருப்பதால் எல்லாம் வழக்கறிஞர்கள் வழியாகவே நடக்கட்டும். பொறுப்பை ஏற்றுக்கொள்ளாமலேயே, அவருக்கு நேர்ந்ததற்கு வருந்துவதாகவும், உங்கள் பக்கத்திலிருந்து படத்தை நீக்கிவிட்டதாகவும், எந்தப் பயன்பாட்டுக்காக எடுக்கப்பட்டது என்பதற்கான ஆவணங்களைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத் தரத் தயார் என்றும் உங்கள் வழக்கறிஞர் எழுதலாம். நீங்களும் அவரும் எதிரெதிரே நிற்கத் தேவையில்லை என்பது என் கணிப்பு. உங்கள் இருவரின் அனுமதியையும் தாண்டிய பயன்பாடு ஒன்றேதான்.

அடுத்த வேலைக்கு முன் ஒப்புதல் படிவம் ஒன்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள். எந்த நோக்கம், எந்த ஊடகம், எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, படத்தோடு அவர் சொன்னதாக வாசகம் சேர்க்கப்படுமா என்பவை அதில் இருக்க வேண்டும். அவர் வாசிக்கும் மொழியில் இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். மேலாளர் அருகில் இல்லாதபோது கொடுங்கள். மறுப்பவருக்குத் தலையைத் திருப்பி நிற்கவோ விலகிக்கொள்ளவோ வழி விடுங்கள். கையெழுத்தான படிவத்தையும் அதே கேமராவில் ஒரு படம் எடுத்துவிட்டால், அவருடைய படங்களின் வரிசையிலேயே அது நிற்கும். பிறகு தேட வேண்டியிருக்காது.

நோட்டீஸுக்குப் பதில் தர 15 நாள்கள் கொடுத்திருக்கிறார்கள், அவற்றில் ஆறு போய்விட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக் காலையிலேயே வழக்கறிஞரிடம் நேரம் வாங்குங்கள். தொழில் காப்பீடு இருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள், தாமதமான அறிவிப்பைக் காட்டியே பல கோரிக்கைகள் மறுக்கப்படுகின்றன. வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது கொட்டேஷன், அதற்கு வந்த பதில், முன்பணம் வந்த வங்கிக் கணக்கின் பக்கம், மேலாளரின் செய்தி, விளம்பரப் பலகையின் படம் ஆகிய ஐந்தையும் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள்.